வீட்டில் படிப்பு, பள்ளி அணியில் ஆட்டம்: எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்காவில் பிள்ளையை வீட்டில் படிக்கவைத்துக்கொண்டே பொதுப்பள்ளி அணியில் சேர்க்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் டிம் டீபோ பெயர் தெரியும். ஃப்ளோரிடாவில் வீட்டில் படித்தபடியே நீஸ் உயர்நிலைப்பள்ளி அணிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். 2007இல், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். "அவர் ஆடினாரே, நம் பிள்ளை ஆடக்கூடாதா?" என்று கிளம்புவதில்தான் முதல் சறுக்கல். ஃப்ளோரிடாவில் 1996லேயே அதற்குச் சட்டம் இருந்தது. வர்ஜீனியாவிலோ அதே மாதிரி மசோதாவை ஆளுநர் மெக்காலிஃப் 2015, 2016, 2017 என்று மூன்று முறை தடுத்துவிட்டார்.

ஒரே மாநிலத்திலும் விதி மாறும். டெக்சாஸில் 2021 சட்டம் முடிவை, அந்தந்தப் பகுதிப் பொதுப்பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்டத்திடம் விட்டது. 2025இல் அது தலைகீழானது: மாவட்டம் வேண்டாமென்று தீர்மானித்தால் ஒழிய அனுமதி உண்டு. ஆகவே மூன்று வருடத்துக்கு முன் சேர்த்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

நல்ல கோச் எங்கே என்று பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் எடுபடாது. எந்தப் பள்ளி என்பதில் வீட்டு முகவரிதான் பேசும். நீஸ் அணியில் ஆட டீபோவே அம்மாவுடன் பக்கத்து மாவட்டத்தில் ஓர் அபார்ட்மென்டுக்குக் குடிபோனார். அந்த அளவுக்கு எல்லோராலும் முடியுமா என்ன?

மதிப்பெண் குறைந்து அணியிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளையை வீட்டுக்கல்விக்கு மாற்றி, மறுவாரமே ஆட அனுப்பலாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. சட்டம் எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. ஃப்ளோரிடாவில் அப்படி வந்தவர் வீட்டுக்கல்வியில் ஒரு மதிப்பீட்டுப் பருவத்தை ஒழுங்காக முடித்தாக வேண்டும்.

கோச் "வரட்டும்" என்று சொன்னால் போதாது. அவர் வாய்வார்த்தை பதிவேட்டில் ஏறாது. பதிவுப் படிவம், மருத்துவச் சான்று, படிப்பு மதிப்பீடு எல்லாம் சீசனுக்கு முன்பே பள்ளி அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். இசைக்குழு என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: பல பள்ளிகளில் அது பகல்நேர வகுப்போடு சேர்ந்தது. மாலைப் பயிற்சிக்கு மட்டும் வந்துபோக முடியாமல் போகலாம்.

அப்புறம், கல்லூரி அணிக் கனவு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் முதல் பிரிவுக்கு 16 முதன்மைப் பாடங்கள் வேண்டும். வீட்டில் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன புத்தகம், எப்படி மதிப்பிட்டோம் என்று எழுதித் தர வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பாடம் முடிந்த கையோடு எழுதிவைத்தால் ஒரு மாலை வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தால், எந்தப் புத்தகத்தில் படித்தான் என்பதே நினைவுக்கு வராது.