பத்துப் பேர் கணக்கு: கடற்கரை ஊரில் தடுப்பூசி முகாம் நடத்தும் முறை

கோவிஷீல்டு குப்பியில் 5 மி.லி. மருந்து. ஆளுக்கு 0.5 மி.லி. வீதம் பத்துப் பேருக்கு வரும். ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கியதிலிருந்து 4 மணி நேரம்தான் கெடு. அதற்குள் தீராத மருந்து குப்பைக்குத்தான். டோக்கன், மைக், நாற்காலி, டீ என்று முகாமில் பார்க்கும் அத்தனை வேலையும் கடைசியில் இந்தக் கணக்கில் வந்து முட்டும்.

2021-22-இல் கடலூர் கடலோரத்தில் கோவிட் ஊசி போட்டதில் படிந்த வேலைமுறை இது. சுகாதாரத் துறையோடு சேர்ந்து முகாம் போடும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் தன்னார்வலர்களுக்கும் எழுதியது. இன்னொரு கொள்ளைநோய் வந்தால் மருந்தின் பெயர் மாறும், டோஸ் இடைவெளி மாறும், கெடு நேரமும் மாறலாம். பல பேருக்கு ஒரு குப்பி என்பது மாறாதவரை இந்தக் கணக்கு செல்லும்.

நாளும் நேரமும்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் நேரம் காலை 9 முதல் 4 வரை. தாழங்குடாவிலோ தேவனாம்பட்டினத்திலோ அந்த நேரத்துக்கு யாரும் சும்மா இருப்பதில்லை. விடியுமுன் போன ஃபைபர் படகுகள் கரை சேர்ந்து ஏலம் முடியவே பொழுது ஏறிவிடும். கூடை எடுத்த பெண்கள் அப்போதுதான் கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கமோ பாண்டிச்சேரி பக்கமோ கிளம்புவார்கள். காலை ஒன்பதுக்கு வருகிற ஏழெட்டுப் பேரை நம்பிக் குப்பியை உடைத்தால் மீதி இரண்டு மூன்று டோஸ் அப்படியே நிற்கும். ஆண்களுக்கு 11 முதல் 1 வரை, விற்றுவிட்டுத் திரும்பும் பெண்களுக்கு 3-க்கு மேல் என்று இரண்டாகப் பிரிப்பதே சரி. நடுவில் குப்பி எதுவும் திறந்த நிலையில் இருக்கக் கூடாது. விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் தோதானது.

கிழமையும் முக்கியம். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12-இல் தொடங்கிய மெகா முகாம்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தன. ஞாயிறு கறி எடுக்கிற நாள், பலருக்குக் குடிக்கிற நாளும்கூட. ஊசி போட்டால் இரண்டும் கூடாது என்று நினைத்து ஆட்கள் ஒதுங்கினார்கள். அக்டோபரில் முகாம் சனிக்கிழமைக்கு மாறியது இதனால்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகும் பெண்களுக்கும் சனி மாலையே நல்லது. இரவில் காய்ச்சல் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொள்ளலாம், கூலி போகாது.

முந்தைய நாள்

பட்டியல் இல்லாத முகாம் பாதி தோற்ற முகாம். கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் இருக்கும் குடும்பப் பதிவேட்டை வைத்துத் தெரு வாரியாக எழுதுங்கள்: பெயர், பிறந்த ஆண்டு, கைபேசி எண், முதல் டோஸா இரண்டாவதா, முதல் டோஸ் எந்த மருந்து, எந்தத் தேதி. இரண்டாவது டோஸ்காரர்களுக்குத் தேதியை நீங்களே கூட்டிப் பாருங்கள். கோவிஷீல்டு இடைவெளி முதலில் 4 முதல் 6 வாரம், 2021 மார்ச்சில் 6 முதல் 8, மே 13-இலிருந்து 12 முதல் 16 வாரம் என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை மாறியது. இன்னொரு கோவிட் ஊசியான கோவாக்சினுக்கு 4 முதல் 6 வாரமே நீடித்தது. "ஒரு மாசத்துல வான்னாங்க, இப்ப மூணு மாசம்ங்கறாங்க" என்று ஊரே குழம்பியதில் நியாயம் உண்டு. தேதி வராதவரை முகாமுக்கு அழைத்து, வரிசையில் நிறுத்தி, திருப்பி அனுப்பினால் அவர் அடுத்த முறை வரமாட்டார். பக்கத்து வீட்டாரும் வரமாட்டார்.

சாயங்காலம் கோயில் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். நாளை காலை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், ஆதார் அட்டையும் முதல் டோஸுக்குக் கொடுத்த அதே எண் உள்ள போனும் கையில் இருக்க வேண்டும், சட்டைக்கை தோள்வரை ஏற வேண்டும். இந்த மூன்றுக்கு மேல் மைக்கில் எதுவும் வேண்டாம், காதில் ஏறாது.

ஐஸ் பெட்டி

மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வெயிலில் சூடேறிக் கெட்டுவிடும் என்ற பயமும் எல்லோருக்கும் உண்டு. உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்து கொண்டுபோகும் கேரியர் பெட்டியில் அடுக்கினால் அதை ஒட்டியிருக்கும் குப்பி உறையும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பலன் மட்டும் இருக்காது. ஐஸ் பேக்குகளை மேசையில் பரப்பி, மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு நான்கையும் கேரியரின் நான்கு பக்கமும் செருகுங்கள். குப்பிகளை ஜிப் கவரில் போட்டு நடுவில் வையுங்கள். இல்லாவிட்டால் லேபிள் நனைந்து தொகுதி (பேட்ச்) எண் அழியும், பதிவில் எழுத எண் இருக்காது.

முகாம் நடக்கையில் பெட்டியை நிழலில் வைத்து மூடியே வைத்திருக்க வேண்டும். திறந்த குப்பி மட்டும் பெட்டியின் மேலுள்ள ஃபோம் பஞ்சின் கீறலில் நிற்கட்டும். திறந்ததும் அதன் மேல் தேதியும் நேரமும் பேனாவால் எழுதுவது செவிலியரின் முதல் வேலை. கோவிஷீல்டைக் குலுக்கக் கூடாது. கோவாக்சினை மெதுவாக ஆட்டிக் கலக்க வேண்டும். கைப்பழக்கத்தில் இரண்டும் இடம் மாறிவிடும் என்பதால் ஒரே மேசையில் இரண்டு மருந்தும் வேண்டாம்.

வரிசையும் டோக்கனும்

டோக்கனைப் பத்துப் பத்தாகக் கொடுங்கள், பத்துக்கு ஒரு நிறம். பத்துப் பேரும் ஆதார் சரிபார்த்து உட்கார்ந்த பிறகே குப்பி திறக்கும். "நீங்க எட்டாவது ஆளு அக்கா, இன்னும் ரெண்டு பேர் வந்ததும் திறந்துருவாங்க" என்று காரணத்தைச் சொல்லிவிட்டால் ஊர்க்காரர்களே போய் இரண்டு பேரைக் கூட்டி வருவார்கள். சொல்லாமல் உட்கார வைத்தால் சிஸ்டர் மீதுதான் கோபம் திரும்பும்.

இடத்துக்குப் புயல் பாதுகாப்பு மையமோ பள்ளிக்கூடமோ நல்லது. வலை பின்னும் கூடத்தில் காற்று வரும், ஆனால் சுவர் இல்லை. நடுத்தெருவில் ரவிக்கைக் கையைத் தூக்க எந்தப் பெண்ணும் முன்வரமாட்டார். வருகிற வழியும் போகிற வழியும் வேறாக இருந்தால் நெரிசல் தானே குறையும். காத்திருக்கும் அறை, ஊசி அறை, கண்காணிப்பு அறை என்று மூன்று வேண்டும். ஒரு செவிலியர் மணிக்கு 25 பேருக்குப் போட்டால், ஒவ்வொருவரும் அரை மணி உட்கார வேண்டிய கண்காணிப்பு அறையில் எந்நேரமும் 12, 13 பேர் இருப்பார்கள். துணைக்கு வந்தவர்களையும் சேர்த்து 20 நாற்காலி போடுங்கள்.

ஊசி

பயன்படுத்துவது 0.5 மி.லி. ஏடி சிரிஞ்சு. ஒரு முறை இழுத்துத் தள்ளியதும் பூட்டிக்கொள்ளும் வகை அது. பழைய பழக்கத்தில் முதலில் காற்றை இழுத்துக் குப்பிக்குள் தள்ளினால் அங்கேயே பூட்டி வீணாகும். நேராகக் குப்பியில் செருகி மருந்தைத்தான் இழுக்க வேண்டும். தோள் எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, புஜத்தின் தசையில், 90 டிகிரியில். மிக மேலே போட்டால் மூட்டில் பட்டு வாரக்கணக்கில் வலிக்கும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. இதயத்துக்கு ரத்தம் இளக மாத்திரை எடுப்பவர்களுக்குப் பஞ்சை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

குப்பியில் சற்றுக் கூடுதலாகவே மருந்து நிரப்பியிருப்பார்கள். தேர்ந்த கையில் 11-ஆவது டோஸ் வரும். முழு 0.5 மி.லி. வந்தால் போடலாம். வராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். இரண்டு குப்பிகளின் அடிமிச்சத்தைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்குவது சிக்கனமாகத் தோன்றும், செய்யவே கூடாது. 2022 மார்ச் 16-இலிருந்து 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்ட கோர்பிவேக்ஸ் குப்பியில் 20 டோஸ் இருந்ததால் சின்னப் பள்ளிகளில் இந்தக் கணக்கு இன்னும் இறுகியது.

அந்த அரை மணி

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், நான் வரேன்" என்று ஐந்தாவது நிமிடமே எழுபவர்களைத் தடுக்க ஒரே வழி, ஆதார் அட்டையை அரை மணிக்குப் பிறகு கொடுப்பது. கண்காணிப்பு அறையில் பெரும்பாலும் நடப்பது மயக்கம்தான். பயமும் வெறும் வயிறும் சேர்ந்தால் முகம் வெளிறி, வியர்த்து, நாடி மெதுவாக ஓடும். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடத்தில் தெளியும். ஒவ்வாமை அதிர்ச்சி வேறு: நாடி வேகமாகும், உடம்பில் தடிப்பு எழும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும், படுக்க வைத்தாலும் தெளியாது. அப்போது பெரியவர்களுக்கு 1:1000 அட்ரீனலின் 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டு, 108-ஐ அழைத்து, தெளியாவிட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடியும் போடுவது மருத்துவக் குழுவின் வேலை. பெட்டியில் அட்ரீனலின் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று முகாமுக்கு முன்பே கேட்பது உங்கள் வேலை.

ஊர் கேட்கும் கேள்விகள்

காய்ச்சல் வருமா? கோவிஷீல்டு முதல் டோஸுக்குப் பலருக்கு வரும், பெரும்பாலும் அன்றிரவு. ஒன்றிரண்டு நாளில் போய்விடும். 500 மி.கி. பாராசிட்டமால் ஒன்று, தேவைப்பட்டால் 6 மணி நேரம் கழித்து இன்னொன்று. வருமுன் காப்போம் என்று ஊசிக்கு முன்பே விழுங்க வேண்டாம். மீன், கறி தாராளமாகச் சாப்பிடலாம். மதுவால் ஊசியின் பலன் குறையும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் காய்ச்சலில் குடித்தால் உடம்பில் நீர் வற்றும், பாராசிட்டமாலோடு சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. இதை இப்படியே சொல்லுங்கள். ஒரு மாசம் தொடவே கூடாது என்று மிரட்டினால் ஊசியைத்தான் தொடமாட்டார்கள். மாதவிடாய் நாளில் போடலாம். பாலூட்டும் தாய்மாருக்கு 2021 மே மாதமும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ஆம் தேதியும் அனுமதி வந்தது. கோவிட் வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போட வேண்டும் என்பது அன்றைய விதி.

நடிகர் விவேக் பெயரைச் சொல்லாத ஊர் இல்லை. 2021 ஏப்ரல் 15-இல் ஊசி போட்டார், 17-இல் மாரடைப்பால் இறந்தார். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு பிறகு சொன்னது. கேட்பவரிடம் "அதெல்லாம் வதந்தி" என்று வெட்டிப் பேசக் கூடாது. அவர் இறந்தது உண்மை, பயமும் உண்மை. தேதியும் காரணமும் சேர்த்து நிதானமாகச் சொன்னால் காது கொடுப்பார்கள். ஊசியால் வரக்கூடிய அரிதான ரத்த உறைவையும் மறைக்காதீர்கள். ஊசி போட்ட 20 நாளுக்குள் விடாத தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், கால் வீக்கம், போட்ட இடத்தைத் தாண்டித் தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

கோவின் பதிவு

தடுப்பூசிக்கு அரசு நடத்திய இணையப் பதிவுத் தளம் கோவின். அதில் ஒரு கைபேசி எண்ணில் முதலில் 4 பேர், 2022 ஜனவரியிலிருந்து 6 பேர். போன் இல்லாத ஆயாக்களைத் தன்னார்வலர் தன் எண்ணில் சேர்த்துவிட்டால், மூன்று மாதம் கழித்து ஓடிபி அந்தத் தன்னார்வலருக்குத்தான் போகும். அவர் சென்னையில் இருப்பார். பேரன் எண்ணையாவது கேட்டு வாங்குங்கள். அடுத்த தவறு, இரண்டாவது டோஸ் போட வந்தவரை வேறு எண்ணில் புதிதாகப் பதிவது. அவருக்கு இரண்டு "முதல் டோஸ்" சான்றிதழ்தான் கிடைக்கும். அவற்றை இணைக்கக் கோவினிலேயே வழி இருந்தது, ஆனால் பெயர் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் டோஸைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் போட்டுக்கொண்டு இங்கே வருபவர்களுக்கு எல்லை ஒரு தடையில்லை, அதே எண், அதே அட்டை இருந்தால் போதும். 2021 டிசம்பரில் புதுச்சேரி அரசு ஊசியைக் கட்டாயமாக்கிய பிறகு, தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் சான்றிதழ் கேட்டு வந்ததில் இந்தத் தவறுகள் நிறைய வெளியே வந்தன. அட்டையே இல்லாத இருளர் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கென 2021 மே மாதமே தனி நடைமுறை வந்தது, அதிகாரி ஒருவர் பொறுப்பேற்றால் போட முடிந்தது.

கரையோரத்தில் சிக்னல் அறுந்தால் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஊசியைத் தொடருங்கள். ஆனால் அன்றிரவே ஏற்றிவிட வேண்டும்.

கடைசிக் குப்பி

மாலை நாலரைக்கு மூன்று பேர் நிற்பார்கள். திறப்பதா வேண்டாமா? படுக்கையில் இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள் பட்டியல் கையில் இருந்தால் திறக்கலாம். மூவருக்குப் போட்டு, மீதி ஏழு டோஸோடு வீடு வீடாகப் போக வேண்டும். வீட்டுக்கு அரை மணி கண்காணிப்பு என்றால் ஏழு வீட்டுக்கு மூன்றரை மணி. முகாமில் போன அரை மணியையும் சேர்த்தால் கெடு அத்தோடு சரி, நடந்து போக ஒரு நிமிடமும் மிஞ்சாது. அதனால் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளாகத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு ஒரு தன்னார்வலரைப் போனோடு உட்கார வைத்துவிட்டுச் செவிலியர் அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும், கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும் தூரத்துக்குள். மருந்துக் கேரியர் ஒருவர் கையில், அட்ரீனலின் பெட்டி செவிலியர் கையில்.