கார் ரிமோட் சாவி திடீரென்று வேலை செய்யவில்லையா?

பதற வேண்டாம். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை அழுத்திப் பாருங்கள். அதில் கதவு திறந்தால் கோளாறு முதல் சாவியில்தான். பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் காரின் பேட்டரியே இறங்கியிருக்கலாம்.

பல சாவிகளில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி இருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ஆனால் பழைய பேட்டரியில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். சிஆர்2025-ம் இதே அகலம்தான், தடிமன் மட்டும் 2.5 மி.மீ. 2032-க்கு 3.2 மி.மீ. 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025-ஐப் போட்டால் லூசாக நிற்கும், விட்டுவிட்டு வேலை செய்யும்.

சரி, நடுவழியில் இப்படி ஆனால்? பெரும்பாலான ஸ்மார்ட் சாவிகளுக்குள் ஒரு சிறிய இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறங்கள். அப்புறம், பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். சாவிக்குள் இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. சில கார்களில் சாவியை வைக்கும் இடம் வேறாக இருக்கும். கையேட்டில் இப்போதே பார்த்து வையுங்கள்.

கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி மட்டும் வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும்.