அண்ணி ‘வாங்க’ன்னு சொல்லலை: எண்ணப் பதிவேடு எழுதுவது எப்படி?

அண்ணன் மகன் கல்யாணம். மண்டப வாசலில், சந்தனமும் பன்னீரும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் அண்ணி நிற்கிறார். நாத்தனார் உள்ளே நுழைகிறார். அண்ணி ஒரு நொடி பார்த்துவிட்டு, ‘வாங்க’ன்னு சொல்லாமல் திரும்பிக்கொள்கிறார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் நாத்தனாருக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, இனி அந்த வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசனை. அதே வாசலில் அதே பார்வையைச் சந்தித்த இன்னொருவர், “பாவம், எத்தனை பேரைத்தான் கவனிப்பா” என்று நேராகச் சாப்பிடப் போயிருப்பார்.

ஒரு விஷயத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் இந்த வித்தியாசம். பென்சில்வேனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஆரன் பெக், 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளித்தபோது இதைக் கூர்ந்து கவனித்தார். உணர்ச்சி பொங்குவதற்குச் சற்று முன்னால் ஓர் எண்ணம் சட்டென்று ஓடிப்போகிறது. அதைச் சரிபார்க்காமலே உண்மை என்று நம்பிவிடுகிறோம். அந்த எண்ணத்தைப் பிடித்துக் காகிதத்தில் வைத்துச் சரிபார்க்கும் முறைதான் எண்ணப் பதிவேடு. சி.பி.டி. (Cognitive Behavioural Therapy) என்று சொல்லப்படும், எண்ணங்களையும் நடத்தையையும் கவனித்துச் சரிசெய்யும் பேச்சுவழிச் சிகிச்சையின் அடிப்படைக் கருவிகளில் இதுவும் ஒன்று. வீட்டிலேயே பழகலாம்.

என்ன வேண்டும்

கோடு போடாத நோட்டு ஒன்று, பேனா, 15 முதல் 20 நிமிடம். நோட்டைக் குறுக்குவாட்டில் திருப்பி, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஏழு பத்திகளாகப் பிரியுங்கள்: நடந்தது, உணர்ச்சி, மனசில் ஓடியது, அதற்குச் சாதகமான ஆதாரம், பாதகமான ஆதாரம், சீர்தூக்கிய எண்ணம், இப்போது உணர்ச்சி. போனிலும் எழுதலாம்தான், ஆனால் பாதியில் வாட்ஸ்அப் பக்கம் கை போய்விடும். வீட்டில் யாராவது எடுத்துப் படிப்பார்கள் என்ற பயம் இருந்தால் தனித்தாளில் எழுதுங்கள், பெயருக்குப் பதில் ஓர் எழுத்து மட்டும் போடுங்கள். பயத்தோடு எழுதினால் மூன்றாம் பத்தியில் உண்மை வராது.

கோபமோ அழுகையோ உச்சத்தில் இருக்கும்போது உட்கார வேண்டாம். அரை மணி நேரம் போகட்டும். அதற்காக மறுநாளைக்கும் தள்ளாதீர்கள். சின்னச் சின்ன விவரங்கள் மறந்துபோகும்.

1. நடந்ததை மட்டும் எழுதுங்கள்

தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. “அண்ணி எல்லார் முன்னாடியும் என்னை அவமானப்படுத்தினாங்க” என்று எழுதினால் தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிட்டீர்கள்; பிறகு சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. மண்டபத்து வீடியோ கேமராவில் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள்: “ஞாயிறு காலை 7 மணி. மண்டப வாசல். அண்ணி என்னைப் பார்த்தாங்க. ‘வாங்க’ன்னு சொல்லலை. வலது பக்கம் திரும்பிட்டாங்க.” அவமானம் கேமராவில் விழாது, திரும்பியது விழும். நாள், நேரம், இடம் மூன்றும் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு நிமிடம்தான். கல்யாணம் முழுவதையும் ஒரே பக்கத்தில் அடைக்காதீர்கள்.

2. உணர்ச்சிக்கு ஒரு சொல், ஓர் எண்

வருத்தம் 80, கோபம் 60, கூச்சம் 50 என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுங்கள். ஒரே சொல்லில் அடங்கினால் உணர்ச்சி. “என்னை மதிக்கலைன்னு தோணுச்சு” என்பது எண்ணம், அது அடுத்த பத்திக்கு.

3. மனசில் ஓடியதை அப்படியே

திருத்தாமல், பேசுகிற மொழியிலேயே எழுதுங்கள். முதலில் பெரும்பாலும் கேள்விதான் வரும்: “ஏன் இப்படிப் பண்ணாங்க?” கேள்விக்கு ஆதாரம் தேட முடியாது. அந்தக் கேள்விக்கு உங்கள் மனசு ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கும் பதிலை எழுதுங்கள்: “நான் வந்ததே அவங்களுக்குப் பிடிக்கலை.” அங்கேயும் நிற்காமல், “அப்படியே இருந்தாலும், அதுக்கு என்ன அர்த்தம்?” என்று இரண்டு மூன்று முறை கேட்டுப் பாருங்கள். “அம்மா போனதுக்கு அப்புறம் பிறந்த வீட்டில் எனக்கு இடமே இல்லை.” 80 மதிப்பெண் வருத்தத்துக்கு இந்த வரிதான் பொருந்துகிறது, ‘வாங்க’ன்னு சொல்லாததற்கு மட்டும் அவ்வளவு கனம் கிடையாது. எதை எழுதும்போது தொண்டை அடைக்கிறதோ அதை அடிக்கோடிடுங்கள். அடுத்த இரண்டு பத்திகளும் அந்த ஒரு வரிக்கு மட்டும்தான்.

4, 5. ஆதாரம்

சாதகமானதை முதலில் எழுதுங்கள். பலர் இதைத் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். அப்படித் தாண்டினால், கடைசியில் என்ன எழுதினாலும் “சும்மா ஆறுதலுக்குச் சொல்றது” என்று மனசு தள்ளிவிடும். நம் உதாரணத்தில்: வாசலில் கூப்பிடவில்லை, நிச்சயதார்த்தத் தேதியை மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டும் உண்மை, இரண்டும் இருக்கட்டும். “எனக்கு அப்படித்தான் தோணுது” என்பது மட்டும் ஆதாரமாகாது.

பாதகமான பத்திதான் நேரம் பிடிக்கும். கேட்டுக்கொள்ள வேண்டியவை: அந்த நிமிடத்தில் அவர் கையில் என்ன வேலை இருந்தது? முந்தின நாள் என்ன நடந்தது? இதே விஷயத்தைத் தோழி வந்து சொன்னால் அவளிடம் என்ன கேட்பேன்? நம் உதாரணத்தில்: அதே நேரம் வலது பக்கத்தில் சமையல்காரர் இரண்டாம் பந்திக்கு எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி அண்ணியே போன் போட்டு, “எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? வண்டி அனுப்பட்டுமா?” என்று கேட்டார். அத்தைக்கு என்று எடுத்த புடவை தனிப் பையில் பெயர் எழுதி வந்தது. அண்ணன் மேடைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். “அவங்க நல்லவங்கதான்” போன்ற பொது வரிகளுக்கு இங்கே பலம் இல்லை. போன் வந்த நேரத்துக்கு இருக்கிறது.

6. சீர்தூக்கிய எண்ணம்

“எல்லாம் நன்மைக்கே”, “அண்ணிக்கு என் மேல் கொள்ளைப் பிரியம்” என்றெல்லாம் எழுத வேண்டாம். நீங்களே நம்பாத வரி வேலை செய்யாது. இரண்டு பத்தி ஆதாரங்களும் உள்ளே இருக்க வேண்டும்: “வாசலில் கூப்பிடாதது வலிச்சது. அந்த நேரம் அவங்க பந்தி வேலையில் இருந்தாங்க. போன் பண்ணினதும் புடவை வைச்சதும் எனக்கு அங்கே இடம் இருக்குன்னு காட்டுது. நிச்சயத்தை எனக்குச் சொல்லாதது தனி விஷயம், அதைக் கேட்கணும்.” எழுதியதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 100-க்கு மதிப்பெண் போடுங்கள். 50-க்குக் கீழே என்றால் ஐந்தாம் பத்திக்குத் திரும்புங்கள்.

7. மறுபடியும் மதிப்பெண்

வருத்தம் 80-லிருந்து 45-க்கு வந்தால் பதிவு வேலை செய்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பெரும்பாலும் வராது, வர வேண்டியதும் இல்லை. கொஞ்சமும் குறையவில்லை என்றால், பெரும்பாலும் மூன்றாம் பத்தியில் தவறான வரியை அடிக்கோடிட்டிருப்பீர்கள்.

ஆதாரங்கள் நிஜமாகவே மோசமான முடிவைக் காட்டினால் எண்ணத்தை மாற்ற முயலாதீர்கள். அது தீர்க்க வேண்டிய பிரச்சினை. “அண்ணி, நிச்சயத் தேதியை எனக்கு ஏன் சொல்லலை?” என்று ஒரு போன் செய்வது அடுத்த பத்துப் பக்கங்களைவிட அதிகம் சொல்லும்.

வாரம் மூன்று பதிவு போதும். ஒரு மாதம் கழித்து மூன்றாம் பத்தியை மட்டும் வரிசையாகப் படியுங்கள். அலுவலகம், உறவு, பள்ளி வாட்ஸ்அப் குழு என இடங்கள் மாறினாலும் ஒரே வரி வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதைத் தனியாக எழுதிவையுங்கள். ஆலோசகரிடம் போக நேர்ந்தால் முதல் சந்திப்பிலேயே அது உதவும்.

எப்போது இந்த நோட்டு போதாது

வீட்டில் அடி, மிரட்டல், பணத்தைப் பிடித்துவைத்தல் நடந்தால், அது நீங்கள் எடுத்துக்கொள்ளும் விதத்தால் வருவதல்ல. அங்கே இதைப் பயன்படுத்தவே கூடாது. இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதைப் பத்தியில் போட்டுச் சரிபார்க்க உட்கார வேண்டாம், உடனே பேசுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416; இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926.