சிற்றூர்த் திரைக்கதையைப் பாராட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் என்ற ஊரில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் மூக்கில் ஏறுவது கருவாட்டு வாசனை. அந்தக் கரையில் நடக்கும் திரைக்கதைக்கு ‘மண்வாசனை வீசுகிறது’ என்று ஒருவர் எழுதினால், அவர் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படி எழுதியவன்தான். பாம்பன் பக்கத்து இளைஞர் ஒருவர், தயாரிப்பாளர் யாரையும் நம்பாமல் எழுதிய சுயாதீனத் திரைக்கதை அது. பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி ஒரே ஆண்டில் பெரியவளாகிவிடுகிற கதை. என் முதல் குறிப்பில் மண்வாசனை, யதார்த்தம், கவித்துவம் மூன்றும் வரிசையாக நின்றன. எந்த ஊர்க் கதைக்கும் ஒட்டக்கூடிய சொற்கள். எழுதியவருக்கு அவற்றால் பத்துப் பைசா பயனில்லை.

காட்சியைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அரையாண்டுத் தேர்வு விடைத்தாளோடு அந்தப் பெண் வீட்டுக்கு வருகிறாள். அம்மா கடற்பாசி எடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருக்கிறார். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். பத்தாவது விரல் முடியும்வரை ஒன்றும் கேட்பதில்லை. இதற்குத் ‘தாய்மையின் தியாகம்’ என்று ஒரு வாசகர் பட்டம் கொடுத்தார். தியாகம் எங்கே வந்தது இங்கே? பயந்து நிற்கும் பெண்ணையும் நம்மையும் பத்து விரல் நேரம் காக்கவைத்திருக்கிறார் எழுத்தாளர். பாராட்ட வேண்டியது அந்தக் கெட்டிக்காரத்தனத்தை.

ஊர் தெரியாமல் தீர்ப்புச் சொல்வதுதான் அதிகம் நடக்கிறது. பிற்பாதி முழுக்க அப்பா வீட்டிலேயே இருக்கிறார். ‘வேலைவெட்டி இல்லாத தந்தை, பாத்திரத்தில் வலுவில்லை’ என்றார் இன்னொருவர். கதை அப்போது மே மாதத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பிளஸ் டூ முடிவு வருவதும் மே மாதத்தில்தான். மகளுடைய மதிப்பெண் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் அப்பாவின் சட்டைப்பை காலியாக இருக்கிறது. அதே தெருத் தோழியின் அப்பாவிடம் இருப்பதோ நாட்டுப்படகு. தடை அவருக்கு இல்லை; வழக்கம்போலக் கடலுக்குப் போய் வருகிறார். கல்லூரியில் சேர ஒருத்தியிடம் பணம் இருக்கிறது, மற்றவளிடம் இல்லை. இருவரும் சண்டை போடுவதே இல்லை. பள்ளிக்கு ஒன்றாகப் போன சைக்கிள் தனியாகப் போகிறது, அவ்வளவுதான். தடைக்காலத்தை அறியாதவருக்கு இந்தப் பிரிவு காரணமில்லாமல் நடப்பதாகவே தோன்றும்.

‘ஒளிப்பதிவு கண்ணுக்குள் நிற்கிறது’ என்று திரைக்கதைக்கு எழுதுகிறவர்களும் உண்டு. காகிதத்தில் ஏது ஒளிப்பதிவு? அங்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். மனம் கலங்கும்போதெல்லாம் அந்தப் பெண் அமைதியான கடலைவிட்டு இரையும் கடல் பக்கம் போகிறாள். படம்பிடிக்க ஆள் வருமுன்பே எழுத்து ஒலியை முடிவுசெய்திருக்கிறது. சொல்ல வேண்டியது அது.

‘வெள்ளந்தி மனிதர்கள்’ என்ற தொடரையும் விட்டுவிடலாம். இந்தக் கதையில் வட்டிக்குக் கொடுக்கும் அக்கா தடைக்காலத்திலும் ஒரு நாள் வட்டியைக் குறைப்பதில்லை. ‘சொந்த அனுபவம் போலிருக்கிறது’ என்பதும் வேண்டாம். ஓர் இளைஞர் பதினேழு வயதுப் பெண்ணின் மனதுக்குள் புகுந்து எழுதிய உழைப்பை அது தள்ளுபடி செய்துவிடும்.

கடைசித் தவறு, நட்புக்காகக் குறையை விழுங்குவது. முடிவுக்கு முந்தைய பக்கத்தில் அந்தப் பெண் கடலைப் பார்த்து நீளமாகப் பேசுகிறாள். அதுவரை வாயைத் திறக்காமலே எல்லாவற்றையும் உணர்த்தியவள். அந்தப் பக்கம் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மூன்று நாள் பேசவில்லை. பிறகு வந்த திருத்திய பிரதியில் பக்கம் அப்படியே இருந்தது, கடலும் இருந்தது, வசனம் மட்டும் இல்லை.