வாட் வேலையோடு ஆய்வு: உள்ளகப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சிக்கு வரும் புதிய டொக்டர் ஒருவருக்கு ஓர் அலகில் கிடைப்பது 6 மாதம். அதற்குள் அடங்காத ஆய்வுக் கேள்வியைக் கையில் எடுப்பதுதான் பலர் விடும் முதல் பிழை. நோயின் வீதம் தெரியாதபோது அதை 50 சதவீதம் என்று எடுத்து, 5 சதவீத வழுவோடு (முடிவு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு) கணக்குப் பார்த்தால் 385 பேர் வேண்டும். வாரத்துக்கு 6 நோயாளர் வரும் அலகில் 24 வாரத்தில் சேர்வது 144 பேர்தான். வழுவை 10 சதவீதமாக்கினால் 97 பேர் போதும். துல்லியம் குறைவதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வரமுன் தரவு சேர்க்கத் தொடங்காதீர்கள். சேர்த்த பிறகு கேட்டால் அனுமதி கிடைக்காது. உழைப்பு முழுவதும் வீண். இறுதிப் பரீட்சைக்கும் நியமனத்துக்கும் இடையில் காத்திருக்கும் மாதங்களிலேயே வாசிப்பையும் ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவையும் முடித்துவிடலாம். இரவுக் கடமை தொடங்கிய பிறகு அதற்கு நேரம் வராது.

புதியவர்களுக்கு நல்ல தொடக்கம் ஒரு சிறிய ஓடிட், அதாவது வழிகாட்டலில் உள்ளபடி வேலை நடக்கிறதா என்று பதிவுகளை வைத்துப் பார்ப்பது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசீஜி எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டல். நம் அலகில் அது நடக்கிறதா? கேள்வி எளிது, சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஈசீஜித் தாளில் அச்சாகும் நேரம் இயந்திரத்தின் கடிகாரம் காட்டுவது; பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளரின் வாட் பதிவில்) இருப்பது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது. இரண்டுக்கும் 7 நிமிட வித்தியாசம் இருந்தால் உங்கள் முடிவு முழுக்கப் பிழை. முதல் நாளே இரண்டையும் ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள். மருந்துத் தாளில் "காலை 6" என்றிருப்பதும் பெரும்பாலும் கொடுக்க வேண்டிய நேரம், கொடுத்த நேரமல்ல. ஆகவே முழு வேலைக்கு முன் 20 டிக்கெட்டுகளை எடுத்து, தேவையான விபரம் உண்மையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சம்மதம் கேட்பதில் இன்னும் கவனம் வேண்டும். காலையில் ஊசி போட்ட டொக்டரே மாலையில் படிவத்தோடு வந்தால் "நீங்கள் சொன்னால் சரி ஐயா" என்றுதான் பலர் சொல்வார்கள். அது சம்மதமாகாது. சிகிச்சையில் தொடர்பில்லாத ஒருவர் கேட்கட்டும். வீட்டாரோடு பேச அவகாசம் கொடுக்கட்டும். மறுத்தாலும் கவனிப்பு மாறாது என்பதை வாயாலும் சொல்ல வேண்டும்.

டிக்கெட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. எக்செலில் பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியலை வேறாகப் பூட்டிவையுங்கள். 6 மாதம் முடிந்து அடுத்த அலகுக்கு மாறமுன் அந்தப் பட்டியல் யார் பொறுப்பில் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை மேற்பார்வையாளரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.