நிறம் எழுதும் முன் ஒரு சில்லு உடையுங்கள்

கிரெட்டேசியஸ் காலப் படிவுப் பாறையை (14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகள் பழையது) விவரிக்கும்போது, வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சுத்தியலால் ஒரு சில்லு உடைத்து, புதிய முகத்தை 10 மடங்கு லென்ஸில் பார்த்து, நிறத்தையும் மணல் மணியின் அளவையும் குறியுங்கள். அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. பொங்கி நுரைத்தால் உடனே சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிட வேண்டாம். சுண்ணாம்பு ஒட்டிப் பிடித்த மணற்கல்லும் நுரைக்கும். அதனால்தான் லென்ஸ் முதலில். டாலமைட்டோ (சுண்ணாம்புக்கல் போன்ற, மெக்னீசியம் கலந்த பாறை), பொடித்தால்தான் சரியாக நுரைக்கும்.

நிலவியல் வரைபடத்தில் இரண்டு பாறை அடுக்குகளுக்கு இடையிலான எல்லையை நேரில் பார்த்த இடத்தில் முழுக்கோடு, மண் மூடிய இடத்தில் விட்டுவிட்டுக் கோடு. அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓடு கொண்ட கடல் உயிரி) புதைபடிவம் பாறையின் வயதைச் சொல்லும், சரி. ஆனால் எல்லைக்கோட்டைப் பாறையின் வகை மாறும் இடத்தில்தான் போட வேண்டும்.