வட்டங்களால் திரையை நிரப்ப வர்க்கமூலம் தேவையில்லை

ஒன்றையொன்று தொடும் வட்டங்களால் திரையை நிரப்பும் ஸ்கிரீன்சேவரில், முதல் நான்கு வட்டங்கள் அமைந்தபின், மூன்று வட்டங்களின் வளைவுகளைக் கூட்டி இரட்டித்து, அம்மூன்றையும் ஏற்கெனவே தொடும் நான்காவதன் வளைவைக் கழித்தால் புதிய வட்டத்தின் வளைவு கிடைத்துவிடும். வளைவு என்பது ஆரத்தின் தலைகீழி. மற்றவற்றைத் தன்னுள் அடக்கும் வெளிவட்டத்துக்கு மட்டும் அது எதிர்க்குறி பெறும்.

ஒன்றையொன்று தொடும் நான்கு வட்டங்களின் வளைவுகளை இணைத்து, 1643இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் எழுதிய தேற்றம் தரும் இருபடிச் சமன்பாட்டின் இரு மூலங்களே அந்தப் பழைய வட்டத்தின் வளைவும் புதிய வட்டத்தின் வளைவும் என்பதால், அவற்றின் கூட்டுத்தொகை வர்க்கமூலமின்றியே தெரிந்துவிடுகிறது. வெளிவட்டத்தின் வளைவு −1, உள்வட்டங்களின் வளைவுகள் 2, 2, 3 எனத் தொடங்கினால், அம்மூன்றுக்கும் இடையில் அமையும் வட்டத்தின் வளைவு 2×7+1, அதாவது 15. எல்லாம் முழு எண்களாகவே வருவதால் வளைவுகளில் தோராயப் பிழை சேராது, எனக்கு இதுவே பெரிய ஆதாயமாகப் படுகிறது. மைய ஆயங்களை வளைவால் பெருக்கிக்கொண்டால் அவற்றுக்கும் இதே விதி பொருந்தும்.

வட்டங்களை ஒன்றையொன்று தொடாதவாறு தற்போக்காகத் தூவும் நிரல்களுக்கு இது உதவாது.